பணமா, நிர்வாகமா?

அமெரிக்காவின் பேஸ்போல் நமது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அங்கே அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பணமுள்ள கழகம் சிறந்த வீரர்களை வாங்கிக் குவிக்கலாம். அப்படியானால், வெற்றியும் பணக்காரருக்கே சொந்தமா?

2002ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் அணியின் சம்பளச் செலவு ஏறத்தாழ 12½ கோடி டொலர். ஓக்லண்ட் அணிக்கோ ஏறத்தாழ 4 கோடிதான். ஆனால், பருவ முடிவில் இரண்டும் வென்ற போட்டிகள் தலா 103!

ஓக்லண்டின் பொது முகாமையாளர் பில்லி பீன் காட்டியது கொள்முதல் சாமர்த்தியம். வேகமாக ஓடுபவருக்கும் கட்டான உடல்வாகு கொண்டவருக்கும் சந்தையில் விலை அதிகம். தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, ஆட்டமிழக்காமல் முதல் தளத்தை அடைபவருக்கு மதிப்புக் குறைவு. ஓட்டங்கள் பிறப்பது அங்கேதான் என்று கணக்குச் சொன்னது. பீன் அத்தகையோரை மலிவாக எடுத்தார்.

அந்த இலாபம் நெடுநாள் நிலைக்கவில்லை. பணவசதியுள்ள பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி அதே கணக்கைக் கையாண்டு 2004இல் சம்பியனானது. பீனின் காலத்தில் ஓக்லண்ட் ஒரு முறையேனும் இறுதித் தொடரை எட்டவில்லை.

பணம் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2023இல் நியூயோர்க் மெட்ஸ் அதுவரை எவரும் கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்தும், 162 போட்டிகளில் 75ஐ மட்டுமே வென்றது.

கைமுதல் குறைந்த வியாபாரி, பக்கத்துக் கடைக்காரர் மதிக்காத சரக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரும் அதைக் கண்டுகொள்ளுமுன் அடுத்த சரக்கைத் தேடிக்கொள்ளவும் வேண்டும்.