அம்மாவின் கணக்கும் ஆப்ஷீட் சூத்திரமும்

"நிரல் எழுதத் தெரியாமலேயே செயலி செய்யலாம்" என்ற பேச்சு பாதி உண்மை. படிவம், பட்டியல், பொத்தான் எல்லாம் இழுத்துப் போட்டால் வந்துவிடும். ஆனால் நம் வீட்டுக்கென்று, நம் கடைக்கென்று சில விதிகள் இருக்கின்றனவே, அவற்றை எந்தச் செயலியும் முன்கூட்டியே அறிந்திருக்காது. அங்கே நாமே ஒரு வரி எழுதித்தான் ஆக வேண்டும். அதை எக்ஸ்பிரஷன் என்கிறார்கள். நான் சூத்திரம் என்றே சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும்; பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

கிள்ளானில் என் அம்மா தீபாவளிக்கு முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய் உருண்டை செய்து போத்தலில் விற்கிறார். அப்பா போன பிறகு வீட்டுக்கு வரும் பெரிய வருமானம் அதுதான். ஆர்டர் எல்லாம் ஒரு நீளக் குறிப்பேட்டில் இருக்கும். கடைசி இரண்டு வாரம் யார் முன்பணம் கொடுத்தார், யார் பாக்கி என்று தேடுவதிலேயே இரவு கழிந்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட பணமும் உண்டு. அதனால்தான் குறிப்பேட்டைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, ஆப்ஷீட்டில் ஒரு செயலி செய்யத் தொடங்கினேன். ஆப்ஷீட்டை 2020இல் கூகுள் வாங்கியது. 10 பேர்வரை வைத்துச் சோதித்துப் பார்க்கக் கட்டணமில்லை. எங்கள் வீட்டில் மூன்றே பேர்.

முதல் சூத்திரம் எளிது. பத்தியின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பெயர் தமிழிலேயே இருக்கலாம். [மொத்தம்] - [முன்பணம்] என்று எழுதினால் பாக்கி வந்துவிடும். ஒவ்வொரு சூத்திரத்தையும் உடனே சோதித்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது: எந்த வரிசைக்கு என்ன விடை என்று காட்டும். அதைப் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நான் கண்ட நல்ல வழி.

அடுத்தது விலை. பண்டம் என்ற பத்தியை விலைப் பட்டியலோடு இணைத்துவிட்டு, [பண்டம்].[விலை] என்று எழுதினால் அதன் விலையை எடுத்துவரும். நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியை 'இன்' என்று வாசித்துப் பாருங்கள்: பண்டத்தின் விலை. ஆறாம் வேற்றுமையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல!

ஆனால் இதை எங்கே எழுதுகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ஆப் ஃபார்முலா' என்ற இடத்தில் எழுதினால், பழைய ஆர்டரைத் திறந்து திருத்தும்போதெல்லாம் விலை மறுபடி கணக்கிடப்படும். 'இனிஷியல் வேல்யூ' என்ற இடத்தில் எழுதினால், ஆர்டர் பதியும்போது இருந்த விலை அப்படியே நிற்கும். எண்ணெய் விலை ஏறி, அம்மா ஒரு போத்தலை 25 வெள்ளியிலிருந்து 28 வெள்ளி ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பே சொன்னவருக்கு 25 வெள்ளிதானே? சொன்ன விலையில் நிற்பது அம்மாவின் வியாபாரம். அதனால் இரண்டாவது இடம்தான் எங்களுக்குச் சரி.

தலையைச் சுற்ற வைத்தது ஒருவரின் எல்லா ஆர்டர் பாக்கியையும் கூட்டுவது. 'செலக்ட்' என்பது நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளைப் பொறுக்கி எடுக்கும். 'சம்' அதைக் கூட்டும். நிபந்தனை, கைப்பேசி எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. பெயரை வைத்துத் தேட முடியாது. எங்கள் வட்டாரத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் [கைப்பேசி] = [கைப்பேசி] என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு ஆர்டரும் தன்னோடு தானே ஒத்துப்போகும்; ஊர் பாக்கி முழுவதும் ஒவ்வொருவர் தலையிலும் ஏறும். வலப்பக்கம் '_திஸ்ரோ' என்று சேர்த்தால்தான், 'இந்த வரிசையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடு' என்று பொருள்படும். கடன் இல்லாதவரிடம் போய்க் காசு கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேதிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டுடே() + 3 என்றால் இன்றிலிருந்து மூன்றாம் நாள். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தாலோ 72:00:00 என்று மணிக்கணக்கில் வரும். 'அவர்' என்ற சார்புக்குள் போட்டு 24ஆல் வகுத்தால் நாள் கிடைக்கும்.

முன்பண விதிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அதில் சூத்திரம் சின்னது; பேச்சு பெரிது. பாதிப் பணம் கட்டாமல் ஆர்டரைச் சேமிக்க முடியாதபடி, 'வேலிட் இஃப்' என்ற இடத்தில் [முன்பணம்] >= [மொத்தம்] / 2 என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நமக்குச் சோறு கட்டிக் கொடுத்தவங்ககிட்ட, பாதிக் காசு வெச்சாத்தான் முறுக்குன்னு சொல்லணுமா?"

குறிப்பேட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் முன்பணமே எழுதாமல் இருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் அது மறதி என்றே நினைத்திருந்தேன்.

வாடிக்கையாளர் பட்டியலில் 'நம்மவர்' என்று, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதியும் ஒரு பத்தி சேர்த்தோம். சூத்திரம் இப்போது 'ஆர்' என்று தொடங்குகிறது. இரண்டில் ஒன்று மெய்யானால் போதும். [வாடிக்கையாளர்].[நம்மவர்] மெய்யாக இருக்க வேண்டும், அல்லது பாதிப் பணம் வந்திருக்க வேண்டும். அந்தப் பத்தியை அம்மாவின் மின்னஞ்சலில் நுழைந்தால் மட்டுமே திருத்த முடியும் என்றும் ஒரு வரி போட்டேன். நானோ தம்பியோ தொட முடியாது.

ஐந்தாறு பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். போன வாரம் எண்ணிப் பார்த்தேன். 23 பேர்.