-9999: இல்லாமையும் மறுப்பும்

நிலத்தைக் கணினிக்குள் கொண்டுபோவதற்கு அதைச் சதுரம் சதுரமாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். அந்த இடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் கிடைக்காத கட்டத்தை என்ன பண்ணுவது? பூஜ்யம் போட்டால் கடல்மட்டம் என்று ஆகிவிடும். ஆகவே -9999 என்று போடுவது வழக்கம். ‘இங்கே தகவல் இல்லை’ என்று அதற்குப் பொருள்.

இந்தக் குறியை மென்பொருள் எண்ணாகவே எடுத்துக்கொண்டால் வேடிக்கைதான். 2, 3, 1, -9999 என்ற நாலு கட்டங்களின் சராசரி -2498.25. கடலோர ஊர் ஒன்று இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். குறி என்று சரியாகப் புரிந்துகொண்டாலும் சிக்கல் தீராது. பல கணக்குகளில் அந்தக் கட்டத்தைத் தொட்டதெல்லாம் ‘தகவல் இல்லை’ என்றே முடியும். வெறுமை பக்கத்துக் கட்டங்களுக்கும் பரவும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அர்த்தத்தில் இருக்கிறது. யாரும் அளக்காத இடத்துக்கும், அளந்துவிட்டு ‘உனக்குக் கிடையாது’ என்று மறைத்த இடத்துக்கும் இதே குறியைப் போட்டுவிடலாம். அறியாமையும் அதிகாரமும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கும். வரைபடங்களின் மௌனம் பற்றி 1988இல் எழுதிய ஜே.பி. ஹார்லி, வேண்டுமென்றே செய்த மௌனத்தையும் தன்னையறியாமல் நேர்ந்த மௌனத்தையும் பிரித்துப் பார்த்தார். மௌனமும் வரைபட மொழியின் ஒரு பகுதிதான் என்பது அவர் வாதம்.

நம்மூர்க் கதைக்கு வருவோம். இந்திய நில அளவைத் துறையின் விரிவான வரைபடங்களில், கடற்கரையிலிருந்தும் நாட்டெல்லையிலிருந்தும் சுமார் 80 கி.மீ.க்குள் வருபவை பல்லாண்டுகள் கட்டுப்பாட்டில் இருந்தன. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெள்ளத்தில் எந்தத் தெரு முதலில் முழுகும் என்று கணக்குப்போட உயரம் வேண்டும். படம் அலுவலகத்தில் இருக்கும். அந்தத் தெருக்காரருக்கு அனுமதியில்லாமல் கிடைக்காது. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் இந்தியர்களுக்கு முன் அனுமதி வேண்டாம் என்றன. தடை இடத்தை விட்டுப் பெயருக்கு நகர்ந்தது. இடத்தைக் காட்டலாம், தடைப்பட்டியலில் உள்ள அடையாளத்தை அதன்மேல் ஒட்டக்கூடாது.

முன்பு வெள்ளையாவது கண்ணில் பட்டது. இப்போது கட்டம் நிரம்பியிருக்கிறது, சொல்லைத்தான் காணோம்.

ரகசியமே கூடாது என்பதல்ல நம் கட்சி. ‘அளக்கவில்லை’ என்பதற்கு ஒரு குறியும் ‘தரமாட்டோம்’ என்பதற்கு வேறு குறியும் வேண்டும், அவ்வளவுதான். மறுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே, மறுத்தது யார் என்று கேட்க முடியும்?