பனிக்களம் – 12: பக்கைப் பார்த்தவர் ஆளை விட்டார்

2010 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. வான்கூவர் ஒலிம்பிக்கின் கடைசி நாள். ஆடவர் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தில் கனடாவும் அமெரிக்காவும் 2–2 என்று சமநிலையில் நின்றன. ஆட்டநேரம் முடிய 24 நொடிகளே இருந்தபோது சாக் பரீஸே அடித்த கோல்தான் அமெரிக்காவுக்கு உயிர் கொடுத்திருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் அடிக்கிறார்களோ அவர்களுக்குத் தங்கம். 7 நிமிடம் 40 நொடியில் சிட்னி கிராஸ்பி அடித்தார். கனடாவில் அதற்குத் 'தங்கக் கோல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காட்சியைப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் கிராஸ்பியிடம்தான் போகும். இந்த வாரம் அவரை விட்டுவிடுவோம். அவரைக் காத்து நிற்க வேண்டியிருந்த மனிதரைப் பார்ப்போம். பெயர் பிரையன் ரஃபால்ஸ்கி. அமெரிக்க அணியின் தற்காப்பாளர், அப்போது வயது 36.

நடந்தது இவ்வளவுதான். ஆட்ட வில்லையான பக்கைத் தடுப்புப் பலகையின் ஓரமாகக் கைப்பற்றிய கிராஸ்பி, மூலையில் நின்ற ஜரோம் இகின்லாவுக்கு அதைத் தள்ளிவிட்டார். இகின்லாவை அமெரிக்காவின் இன்னொரு தற்காப்பாளர் ரயன் சூட்டர் நெருக்கிப் பிடித்தார். பக்கைக் கொடுத்த கையோடு கிராஸ்பி கோலை நோக்கிக் கிளம்பிவிட்டார். "இகி!" என்று ஒரு கூச்சல். விழுந்துகொண்டே இகின்லா பக்கைத் திருப்பித் தந்தார். ரஃபால்ஸ்கி திரும்பும்போது கிராஸ்பி அவரைத் தாண்டியிருந்தார். கோல்கீப்பர் ரயன் மில்லரின் கால்களுக்கு நடுவே பக் உள்ளே போனது.

ரஃபால்ஸ்கி பின்தங்கியது ஒரே ஒரு தப்படி. அந்த ஒரு தப்படி எப்படி உண்டாகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிறேன்.

ஐஸ் ஹாக்கியில் தற்காப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முட்டலும் மோதலும்தான். மோதல் கண்ணில் படும். நிற்கிற இடம் கண்ணில் படாது. ஆனால் கோல் விழுவதும் விழாததும் பெரும்பாலும் நிற்கிற இடத்தால்தான். கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர். எதிரணி நம் எல்லைக்குள் வந்து, பக் மூலைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துத் தற்காப்பாளர் மூலைக்குப் போவார். இன்னொரு தற்காப்பாளர் கோல்வாய்க்கு முன்னால் நிற்பார். எக்காரணம் கொண்டும் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டார். நடு முன்கள வீரரான சென்டர் கீழே இறங்கி, இவர்கள் இருவருக்கும் நடுவே உதவிக்கு நிற்பார். ஓர முன்கள வீரர்களான விங்கர்கள் இருவரும் நம் எல்லையைக் குறிக்கும் நீலக்கோட்டருகே நிற்கும் எதிரணித் தற்காப்பாளர்களைக் கவனித்துக்கொள்வார்கள்.

பயிற்சியாளர்கள் பலகையில் ஒரு வீடு வரைவார்கள். கோலின் இரண்டு கம்பங்களிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் உள்ள வட்டங்களின் நடுப்புள்ளி வரை விரிந்து, அங்கிருந்து வட்டங்களின் உச்சி வரை ஏறினால் ஒரு வீட்டின் வடிவம் வரும். பெரும்பாலான கோல்கள் அந்த வீட்டுக்குள்ளிருந்து அடிக்கப்படுபவை. வீட்டுக்கு வெளியே எதிரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பக்கை உருட்டிக்கொண்டிருக்கட்டும், உள்ளே மட்டும் விடாதே என்பதுதான் தற்காப்பின் முதல் பாடம். உன் ஆளுக்கும் உன் கோலுக்கும் நடுவில் நில் என்பது இரண்டாவது. மட்டை தரையில் இருக்கட்டும், கண் எதிராளியின் மார்பில் இருக்கட்டும் என்பது மூன்றாவது. பக் ஏமாற்றும், மட்டை ஏமாற்றும், தோள்கூட ஏமாற்றும். மார்பு போகிற திசையில்தான் ஆள் போயாக வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. பிறகு ஏன் தவறுகிறது?

கண்தான் காரணம். பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. நாம் பார்வையாளர் வரிசையிலிருந்து அதையே தேடுகிறோம். பனியில் நிற்பவருக்கும் அதே ஆசைதான். மூலையில் இருவர் பக்குக்காக முட்டி மோதும்போது பார்க்காமல் இருப்பது கடினம். பார்க்கப் பார்க்கக் கால் நின்றுபோகும். உடம்பு மெல்ல அந்தப் பக்கம் சாயும். அந்த ஒரு நொடியில், நீங்கள் காக்க வேண்டிய ஆள் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருப்பார். கோலின் மறுகம்பத்தருகே, வீட்டின் கொல்லைப்புறத்தில், தன் மட்டையைத் தரையில் வைத்துக் காத்திருப்பார். அதன் பிறகு பக் அவரிடம் வந்து சேர ஒரே ஒரு பாஸ் போதும்.

இந்தத் தவறின் பிள்ளைகள் பல. மூலைக்கு ஒருவர் போதும் என்ற இடத்தில் இருவர் போவது. பக் நம் கைக்கு வரப்போகிறது என்று நம்பி, சென்டர் அரை நொடி முன்னதாகவே மேலே ஓடிவிடுவது. விங்கர் உதவி செய்வதாக நினைத்துக் கோல்வாய்க்கு இறங்கிவர, நீலக்கோட்டில் அவருடைய ஆள் தனியாக நிற்பது. எல்லாவற்றிலும் ஒரே கதை: பக் எங்கே என்று தெரிந்திருக்கிறது, ஆள் எங்கே என்று தெரியவில்லை. அதனால்தான் நல்ல தற்காப்பாளரின் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். பக்கை ஒரு பார்வை, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, மறுபடி பக். சாலையைக் கடப்பவர் இரு பக்கமும் பார்ப்பதுபோல.

இப்போது வான்கூவருக்குத் திரும்புவோம். அன்றைய கூடுதல் நேரம் நான்குக்கு நான்கு. ஒவ்வொரு அணியிலும் ஒருவர் குறைவு. நீளம் 200 அடி, அகலம் 85 அடி என்ற தளத்தில் இரண்டு பேர் குறைந்தால் எவ்வளவு வெற்றிடம்! ஐந்து பேர் ஆடும்போது ஒருவர் தவறினால் சென்டர் வந்து மூடுவார். நான்கில் அந்த உதவி நம்பத்தகுந்தது அல்ல. என் ஆள் என்றால் முழுக்க என் பொறுப்பு. இப்படிப்பட்ட ஆட்டத்தில் மிக ஆபத்தானவர் யார் தெரியுமா? பக்கை வைத்திருப்பவர் அல்ல. அதை இப்போதுதான் கொடுத்துவிட்டு ஓடுபவர். பக் அவரிடமிருந்து போனதும் நம் மனம் தானாகவே 'அபாயம் நீங்கியது' என்று தளர்ந்துவிடுகிறது. கிராஸ்பி கொடுத்தார், ஓடினார், கேட்டார், வாங்கினார். அந்தக் காட்சியை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகு என் கணிப்பு இது: இகின்லாவின் மூலையை நோக்கிப் பக் போன அந்தக் கணத்தில்தான் ரஃபால்ஸ்கி தப்படியை இழந்தார். கிராஸ்பி கூப்பிட்ட பிறகு செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

ரஃபால்ஸ்கிக்கு இது தெரியாதா? அவர் தற்காப்பைக் கற்ற இடத்தைப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் பிறந்த அவரை வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் முதலில் தேர்வு செய்யவே இல்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஆடி, 26-வது வயதில்தான் நியூஜெர்சி டெவில்ஸ் அணிக்கு வந்தார். அங்கே 2000, 2003 என்று இரண்டு ஸ்டான்லி கோப்பைகள். பிறகு டெட்ராய்ட் சென்று 2008-ல் மூன்றாவது. டெட்ராய்ட்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம்.

லிட்ஸ்ட்ரோமைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இந்தப் பொருளைக் கடக்க என்னால் முடியாது. சிறந்த தற்காப்பாளருக்கான நோரிஸ் கோப்பையை 7 முறை வென்றவர். யாரையும் தூக்கி அடித்துப் பெயர் வாங்கியவர் அல்ல. லீக் சுற்றில் 1,564 ஆட்டங்கள். தண்டனையாக வெளியே உட்கார்ந்த நேரம் மொத்தம் 514 நிமிடங்கள். ஆட்டத்துக்கு 20 நொடிகூடத் தேறாது. இந்தக் கணக்கை ஒழுக்கத்துக்கான சான்றாக மட்டும் படிக்கக் கூடாது. இடம் தவறியவர்தான் மட்டையால் கொக்கிபோட்டு இழுப்பார், காலை இடறுவார், தண்டனை வாங்குவார். சரியான இடத்தில் ஏற்கெனவே நிற்பவருக்கு எதையும் பிடித்து இழுக்க வேண்டிய தேவையே வராது. எதிராளி போக நினைக்கும் வழியில் லிட்ஸ்ட்ரோமின் மட்டை முன்பே கிடக்கும்.

அப்படிப்பட்டவரின் பக்கத்தில் ஆடியவருக்கே ஒரு தப்படி தவறுகிறது என்றால், இந்த வேலை எவ்வளவு கடினமானது என்று எண்ணிப்பாருங்கள்.

அன்று இகின்லாவைப் பிடித்துக்கொண்டிருந்த ரயன் சூட்டரின் குடும்பத்துக்கு இதே பாடத்தின் மறுபக்கமும் தெரியும். அவருடைய தந்தை பாப் சூட்டர், 1980-ல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை வீழ்த்திய அமெரிக்க அணியின் தற்காப்பாளர். பிப்ரவரி 22 அன்று நடந்த அந்த ஆட்டத்தின் முதல் பகுதி முடிய சில நொடிகள். சோவியத் 2–1 என்று முன்னிலை. அமெரிக்காவின் டேவ் கிறிஸ்டியன் வெகுதொலைவிலிருந்து, கோல் ஆகும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லாமலே, ஓர் அடி அடித்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பேரெடுத்த த்ரெத்தியாக் அதைத் தடுத்தார்; ஆனால் பக் எகிறி முன்னால் விழுந்தது. சோவியத் தற்காப்பாளர்கள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். பகுதி முடிந்துவிட்டது என்று அவர்கள் கால்களைத் தளர்த்தியிருந்தார்கள். மார்க் ஜான்சன் இருவருக்கும் நடுவே புகுந்து, ஒரே ஒரு நொடி மிச்சமிருக்க அடித்தார். 2–2. உடைமாற்றும் அறைக்குப் போய்விட்ட சோவியத் வீரர்களில் சிலர் அந்த ஒரு நொடியை ஆடி முடிக்கத் திரும்பிவர வேண்டியிருந்தது. அடுத்த பகுதியில் பயிற்சியாளர் திகனோவ் த்ரெத்தியாக்கை எடுத்துவிட்டு மிஷ்கினை நிறுத்தினார். முடிவு 4–3. கோல்கீப்பரை மாற்றியது சரியா என்ற விவாதம் இன்றுவரை நடக்கிறது. எனக்கு அந்த விவாதத்தில் ஆர்வம் இல்லை. பழி அந்த இருவரின் தளர்ந்த கால்களுக்குப் போயிருக்க வேண்டும், கோல்கீப்பருக்குப் போனது.

1987 கனடா கோப்பையின் கடைசி ஆட்டத்தில் சோவியத் அணி வேறுவிதமாக மாட்டிக்கொண்டது. 5–5, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை. தங்கள் தற்காப்பாளர் ஒருவர் பக்கைப் பறித்துவிடலாம் என்று முன்னேறித் தவறவிட, கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கியும் மரியோ லெமியூவும் லாரி மர்ஃபியும் பாய்ந்து வந்தார்கள். எதிரே பின்னால் மிஞ்சிய தற்காப்பாளர் கோலை நோக்கி ஓடிய மர்ஃபியோடு போனார். பின்னால் வந்த லெமியூ தனியாக. 6–5. முன்னேறிப் பறிப்பது தவறல்ல. அப்படிப் போகும்போது தன் இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் போவதுதான் தவறு.

தற்காப்பாளரின் தவறு கோல்கீப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை லேக் பிளாசிட்டில் பார்த்தோம். ஒருவருக்கு அந்த மறைவும் கிடைக்கவில்லை. 1986 ஏப்ரல் 30, எட்மன்டன். ஸ்டான்லி கோப்பைக்கான போட்டியில் கால்கரிக்கு எதிரான ஏழாவது ஆட்டம், தோற்றவர் வெளியே. 2–2. எட்மன்டனின் இளம் தற்காப்பாளர் ஸ்டீவ் ஸ்மித்துக்கு அன்று 23-வது பிறந்தநாள். கோலுக்குப் பின்னாலிருந்து அவர் அடித்த பாஸ் தன் கோல்கீப்பர் கிரான்ட் ஃப்யூரின் காலில் பட்டுத் தன் கோலுக்குள்ளேயே போனது. கணக்கில் அந்தக் கோல் கால்கரியின் பெரி பெரசானுக்கு எழுதப்பட்டது. பக்கை எட்மன்டன் எல்லைக்குள் எறிந்துவிட்டு ஆள்மாற்றத்துக்குப் போன அவர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொந்தக் கோலுக்குக் குறுக்கே பாஸ் செய்யாதே என்று இந்த ஆட்டத்தில் சிறுவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்மித்துக்கு அது தெரியாமலில்லை. தொலைவில் இருந்த தன் ஆளைப் பார்த்தார். அருகில் இருந்த தன் கோல்கீப்பரின் கால் எங்கே என்று பார்க்கவில்லை. பனியில் முகம் குப்புற விழுந்து கிடந்தார். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்றிருந்த எட்மன்டன் 3–2 என்று தோற்று வெளியேறியது.

அடுத்த ஆண்டு மே 31 அன்று எட்மன்டன் கோப்பையை மீட்டது. அணித்தலைவர் கிரெட்ஸ்கி கோப்பையை வாங்கியதும் தேடிப்போய்க் கொடுத்தது ஸ்மித்தின் கையில். பின்னாளில் ஸ்மித், தன்னால் வென்ற அதே கால்கரி அணிக்குத் தலைவராகவும் ஆனார்.

ரஃபால்ஸ்கியும் தலைகுனிய வேண்டியவர் அல்ல. அதே வான்கூவரில், இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், கனடாவை அமெரிக்கா 5–3 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த தற்காப்பாளர் என்ற விருதைச் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு பிரையன் ரஃபால்ஸ்கிக்குத்தான் கொடுத்தது.

(தொடரும்)