வாடகை அறையும் இல்லமாகும்

பிழைப்பை நாடிப் பிற நாடு சென்ற மகனிடம் தாய் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. "சாப்பிட்டாயா?" என்பது ஒன்று, "நன்றாகத் தூங்குகிறாயா?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு உடனே விடை வரும். இரண்டாவதற்கோ பேச்சு மாறிவிடும். துபாயிலோ சிங்கப்பூரிலோ பலரோடு பகிர்ந்துகொண்ட அறையில், பெட்டியைக்கூட முழுமையாகத் திறவாமல், "இன்னும் இரண்டு ஆண்டுகள்தாமே!" என்று சொல்லிச் சொல்லியே பத்து ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா?

இத்தகையோர் அறிந்துகொள்ள வேண்டிய அறை ஒன்று உண்டு. அது ஓவியர் வின்சென்ட் வான்கோவின் படுக்கை அறை.

மஞ்சள் வீடு

ஆலந்து நாட்டவரான வான்கோ, 1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்கு வந்தார். மே மாதத்தில் அங்கே நான்கு அறைகள் கொண்ட வீடொன்றை மாதம் 15 பிராங்க் வாடகைக்கு எடுத்தார். அவருக்கென வருவாய் இல்லை; தம்பி தியோ அனுப்பிய பணமே வாழ்வாதாரம். வீட்டில் கட்டிலும் இல்லாமையால், செப்டம்பர் வரை வேறிடத்திலேயே உறங்கினார்.

பின்னர் தம்பி 300 பிராங்க் அனுப்பியபோது அவர் வாங்கியவை யாவை? உறுதியான கட்டில்கள் இரண்டு, நாற்காலிகள் பன்னிரண்டு, கண்ணாடி ஒன்று. தனியாக வாழ்பவனுக்கு இரண்டு கட்டில்கள் எதற்கு? ஒன்று வரவிருக்கும் நண்பருக்கு! வால்நட் மரத்தாலான கட்டிலை விருந்தினருக்கு ஒதுக்கி, எளிய மரத்தாலானதைத் தமக்கு வைத்துக்கொண்டார். நண்பரின் அறையைத் தாமே தீட்டிய சூரியகாந்தி ஓவியங்களால் அழகுபடுத்தினார்.

தமது சிற்றறையை அக்டோபரில் ஓவியமாக்கினார். அந்த ஓவியத்தில் செல்வம் ஏதும் இல்லை. ஒரு கட்டில், சிறு மேசை மீது தண்ணீர்க் குடுவை, ஆணியில் தொங்கும் துண்டு, தொப்பி, உடைகள், சுவரில் சில படங்கள், அவ்வளவே. ஆனால் நாற்காலிகள் இரண்டு, தலையணைகளும் இரண்டு. எவரோ வருவார் என்று காத்திருக்கும் அறை அது.

நண்பர் பால் கோகன் அக்டோபர் 23 அன்று வந்தார். ஆயினும் இருவரிடையே பூசல் முற்றியது. டிசம்பரில் வான்கோ மனம் பேதலித்துத் தம் காதையே அறுத்துக்கொண்டார். அழகிய அறை எல்லா நோயையும் ஆற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. துன்பம் அங்கும் நுழைந்தது. எனினும், மறு ஆண்டு சான் ரெமி நகரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் அந்த அறையை மீண்டும் இருமுறை தீட்டினார். அவற்றுள் சிறியது யாருக்காகத் தெரியுமா? ஆலந்திலிருந்த தம் தாய்க்கும் தங்கைக்கும்!

அந்த வீடு 1944-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சிதைந்துபோயிற்று. அறையின் மூன்று ஓவியங்களோ ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் நகரங்களின் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

நமக்கு ஒரு பாடம்

நான்கு சுவர்களை இல்லமாக்குவது எது? பிறர் ஒருவரை மனத்திற்கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்தும் அன்பே அன்றோ? தனக்காக மட்டும் வாழும் அறை சத்திரமாகவே நின்றுவிடும்.

அயல்நாட்டில் வாழும் தம்பி, தங்கையரே! பெட்டியை இன்றே திறந்து, துணிகளை எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வையைக் கட்டிலில் விரியுங்கள். ஆணி அடிக்க வீட்டுக்காரர் இசையாவிடில், கட்டில் விளிம்பில் ஒரு கயிறு கட்டிக் குடும்பப் படத்தைத் தொங்கவிடுங்கள். தேநீர்க் குவளை ஒன்று போதுமெனினும் இரண்டாக வாங்குங்கள். புதிதாக ஊரிலிருந்து வந்து திகைத்து நிற்கும் இளைஞன் ஒருவன் என்றேனும் உங்கள் கதவைத் தட்டுவான்.

பின்னர் ஒரு நாள், கைப்பேசியில் உங்கள் முகத்தை மட்டும் காட்டாமல், அறையையும் ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். மகன் உறங்கும் இடத்தைக் கண்ணாரக் கண்ட தாய், அன்றிரவு தானும் நிம்மதியாக உறங்குவாள்.