ஆறு எஸ்குடோவுக்கு ஒரு ரூபியா

30 எஸ்குடோ, 60 எஸ்குடோ, 300, 600. போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் 1959இல் வெளிவந்த நோட்டுகள் சிலவற்றின் மதிப்பு இவை. இப்படி ஒரு வரிசையை வேறெங்கும் எளிதில் காண முடியாது. கொஞ்சம் வகுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அதுவரை கோவாவில் ஓடிய பணம் ரூபியா. ஒரு ரூபியாவுக்கு ஆறு எஸ்குடோ என்று அரசு நிர்ணயித்தது. அப்படியானால் 30 எஸ்குடோ என்பது பழைய ஐந்து ரூபியா; 60 என்பது பத்து; 300 ஐம்பது; 600 நூறு. பணத்தின் பெயரைத்தான் மாற்ற முடிந்தது. சந்தையில் மீன் வாங்குகிறவரின் மனக்கணக்கை மாற்ற முடியாது என்று அச்சடித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அந்த ரூபியா நம் ரூபாயின் உடன்பிறப்பு. நமக்குப் பதினாறு அணா, அவர்களுக்குப் பதினாறு தங்கா. 1880களில் போர்ச்சுகீசிய இந்தியாவின் வெள்ளி ரூபியாவைப் பிரிட்டிஷாரின் கல்கத்தா நாணயசாலையே அடித்துக் கொடுத்தது. 1906 முதல் நோட்டு வெளியிடும் பொறுப்பு பாங்கோ நாசியோனல் உல்ட்ரமரினோவுக்கு வந்தது. 'கடல் கடந்த தேசிய வங்கி' என்று பொருள். லிஸ்பனில் 1864இல் தொடங்கிய இந்த வங்கியின் முத்திரையில் ஒரு நீராவிக் கப்பல் புகைவிட்டுப் போகும். அங்கோலா, மொசாம்பிக், கோவா, மக்காவு, திமோர் எல்லாவற்றுக்கும் பணம் அந்தக் கப்பல் முத்திரையோடுதான் போனது.

எஸ்குடோவைக் கொண்டுவந்தது கோவாவை இந்திய ரூபாயிலிருந்து பிரித்து லிஸ்பனோடு கட்டிப்போடத்தான் என்றே நான் நினைக்கிறேன். அது மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை. 1961 டிசம்பர் 19 அன்று கோவா இந்தியாவோடு இணைந்தது.

நோட்டுப் போனதை மறந்துவிடலாம். மறக்க முடியாதது அடகு நகை. கோவாக்காரர்கள் அந்த வங்கியில் ஈடு வைத்திருந்த தாலியும் வளையலும் அதற்கு முன்பே லிஸ்பனுக்குக் கப்பலேறிவிட்டன. அவை திரும்பி வந்தது 1991இல். முப்பது ஆண்டு! வைத்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள்? நோட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த நகைகளையும் சேர்த்து எழுதவேண்டும்.

இன்று அந்தப் பழைய பணமெல்லாம் சேகரிப்பாளர்களின் ஆல்பத்தில்தான் இருக்கிறது, மக்காவு நீங்கலாக. 1999இல் மக்காவு சீனாவிடம் போனது. 2001இல் வங்கியே லிஸ்பனில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. ஆனாலும் மக்காவுவில் அதன் பணமான படாகா நோட்டை 1995 முதல் இரண்டு வங்கிகள் வெளியிடுகின்றன. ஒன்று சீன வங்கி. இன்னொன்று, போர்ச்சுகீசிய மொழியிலும் சீனத்திலும் தன் பெயரை அச்சடித்துக்கொண்டு, அதே பாங்கோ நாசியோனல் உல்ட்ரமரினோ.