நேர் ஹேண்டில்பார் சைக்கிளுக்கு ஃபிரேம் அளவு பார்ப்பது எப்படி?

ரோடு பைக்கின் மெல்லிய டயரும் வேகமும் வேண்டும், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார் மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு உரியது நேர் ஹேண்டில்பார் ரோடு சைக்கிள். நம் கடைகளில் இதையும் ‘ஹைப்ரிட்’ கணக்கில்தான் சேர்ப்பார்கள். வாங்க வருகிறவர் பெரும்பாலும் சக்கர அளவைத்தான் கேட்கிறார். இந்த வகையில் ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் 700சி சக்கரமே. ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் சக்கரம் ஒன்றுதான், மாறுவது ஃபிரேம்.

ஃபிரேம் அளவு என்று காலங்காலமாகச் சொல்லிவருவது சீட் குழாயின் நீளத்தை. மேல்பார் தரைக்கு இணையாக இருந்த வரை அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. கால் உயரத்துக்கு ஏற்ற ஃபிரேமை எடுத்தால் கைக்கான நீளமும் ஓரளவு சரியாக அமையும். 1990-களின் பிற்பகுதியில் ஜயண்ட் நிறுவனத்தின் டிசிஆர் வண்டியை வடிவமைத்த மைக் பரோஸ், மேல்பாரைப் பின்பக்கம் சரித்தார். மேல்பார் சரிந்ததும் சீட் குழாய் குட்டையானது. குறைந்த உயரத்தை நீளமான சீட் போஸ்ட் ஈடுகட்டியது. சில அளவுகளை மட்டும் செய்து பலருக்கும் பொருத்த முடிந்தது. அதோடு பழைய எண் தன் பொருளை இழந்தது. ஒரே ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 54 செ.மீ. பொருந்தும், இன்னொன்றில் 48 செ.மீ. பொருந்தும்.

ஆனாலும் சீட் போஸ்டை ஏற்றி இறக்க முடிவதால் கால் கணக்கு இன்று எளிது. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்தி வையுங்கள். தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து 0.883-ஆல் பெருக்கினால், பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்டும் அவருடைய பயிற்சியாளர் சிரில் கிமாரும் பரப்பிய கணக்கு இது. கால் 80 செ.மீ. என்றால் சுமார் 70.6 செ.மீ. வரும். சீட் போஸ்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியாமல் அந்த உயரம் கிடைத்தால் போதும்.

உண்மையான சிக்கல் கையில் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பாரில், பிரேக் லீவரைப் பிடிக்கும் கை, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் முனையிலிருந்து பல சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். நேர் பாரில் கை கிட்டத்தட்ட அந்த முனைக்கு நேராகவே நிற்கும். அந்தக் குறையை நிரப்ப, நேர் பாருக்கென்று வரையப்படும் ஃபிரேமை வழக்கமாக நீளமாகவே அமைக்கிறார்கள். அதனால் நண்பரின் ரேஸ் வண்டி அளவைக் கேட்டு அதே எண்ணை வாங்குவது தவறான வழி. வளைந்த பாரில் தூரம் சற்றுப் பிசகினாலும் கையை மேலே, லீவரில், கீழே என்று மாற்றிக்கொள்ளலாம். நேர் பாரில் கைக்கு ஒரே இடம்தான். எட்டிப் பிடிக்கும்படி இருந்தால் உடல் எடை உள்ளங்கையில் இறங்கி அல்நார் நரம்பை அழுத்தும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். பிடிக்க ஒரே இடம் உள்ள வண்டிக்குத்தான் ஃபிரேம் நீளம் மிகச் சரியாக இருக்க வேண்டும் என்பேன்.

நிறுவனம் தரும் அளவு அட்டவணையில் ‘ரீச்’, ‘ஸ்டாக்’ என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். கிராங்க் அச்சுக்கும் முன்குழாயின் மேல்வாய்க்கும் இடையே கிடைமட்டமாக உள்ள தூரம் ரீச். செங்குத்தாக உள்ளது ஸ்டாக். ஓட்டிப் பார்க்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தை ஸ்டெம் மாற்றிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அது உங்கள் ஃபிரேம் இல்லை. சீட்டை முன்னுக்குத் தள்ளித் தூரத்தைக் குறைக்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சீட்டின் முன்பின் நிலை முழங்காலும் பெடலும் சேரும் கணக்குக்கு உரியது.

இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், உடலும் கையும் நீளமானவர் பெரியதை எடுக்கலாம். கால் நீண்டு உடல் குட்டையானவருக்குச் சிறியது. ஆனால் சிறிய ஃபிரேமில் ஸ்டாக்கும் குறையும், ஹேண்டில்பார் தாழும். ஸ்டெம்முக்கு அடியில் அதை உயர்த்தும் ஸ்பேசர் வளையம் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பார் தோளைவிட மிக அகலமாக வந்தாலும் எட்ட வேண்டிய தூரம் கூடும். கிரிப்புக்கும் லீவருக்கும் இடம் விட்டு, இரு முனையிலும் சமமாக அறுத்துத் தரச் சொல்லலாம். கார்பன் பார் என்றால் முதலில் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.