காணாப் புண்ணும் நட்டஈடும்

உடலிற் பட்ட புண்ணைக் கண்டோர் யாவரும் இரங்குவர். மருத்துவர் அதனை அளந்து கூறுவர். நீதிமன்றமும் அதற்கு ஈடு விதிக்கும். உள்ளத்திற் பட்ட புண்ணோ கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலின் அதனை உடையவர் இருமுறை துன்புறுகின்றனர்: நோயினால் ஒருமுறை, தம்மை நம்பாத உலகினால் மற்றொருமுறை. அப்புண்ணும் புண்ணே என்பதை மருத்துவமும் சட்டமும் ஏற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேற் சென்றது.

இவ்வினா நீதிமன்றங்களைப் பெரிதும் எட்டியது புகையிரதத்தின் வழியாகவே எனலாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே விபத்துக்களில் எலும்பு முறியாது தப்பிய பலர், பின்னர் உறக்கமின்மை, நடுக்கம், ஞாபகக்குறைவு முதலியவற்றால் வருந்தினர். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் 1865 யூன் 9ஆம் நாள் ஸ்ரேப்பிள்ஹேஸ்ற் விபத்திலே தப்பிக் காயமுற்றோர்க்கு உதவியும் செய்தார். ஆயினும் அதன்பின் பிரயாணங்களிலே திடீரெனப் பேரச்சம் அவரைப் பற்றியது. 1866இல் எரிக்சன் என்னும் சத்திரவைத்தியர், இத்தகைய நோய்க்கு முள்ளந்தண்டு அடைந்த அதிர்ச்சியே காரணமென்றார். 1883இல் ஹேர்பட் பேஜ் என்பார், பெரும்பாலும் அச்சமே காரணமென மறுத்தார். பேஜ் ஒரு புகையிரதக் கம்பனியின் வைத்தியர் என்பது கருதத்தக்கது. உடற்காயமாயிற் கம்பனி பணங்கொடுத்தல் வேண்டும். அச்சமாயின் அக்கோரிக்கை வலுவிழந்துவிடும்.

சட்டத்தின் தயக்கத்தை 1888ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நன்கு காட்டும். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவில், கடவைக் காவலாளியின் கவனயீனத்தால் ஒரு தம்பதியரின் குதிரை வண்டி புகையிரதத்தின் முன் அகப்பட்டு, மயிரிழையிலே தப்பியது. மனைவி மூர்ச்சித்து, பின் கடுநோயுற்றார். அங்குள்ள நீதிமன்றம் அளித்த நட்டஈட்டை இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் நீக்கியது. உடலிற் படாத அதிர்ச்சிக்கு ஈடு வழங்கிற் பொய்க் கோரிக்கைகள் பெருகுமென அது அஞ்சியது. 1971 வரை இலங்கையின் இறுதி மேன்முறையீடுகளைக் கேட்டதும் இக்கழகமே. எனினும் 1901இல் இங்கிலாந்து நீதிமன்றமொன்று, தன்னுயிருக்கு அஞ்சியதால் விளைந்த நோய்க்கு ஈடு கோரலாமெனக் கூறி அவ்வழியினின்றும் விலகியது.

முதலாம் உலகப்போரில் நோய் பல்லாயிரவரிடத்துத் தோன்றியது. 1915இல் சாள்ஸ் மையேர்ஸ் என்னும் உளநூலார் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரை மருத்துவ ஏட்டில் எடுத்தாண்டார். ஆயினும் கோழைமை, படையை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையினர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் உளநோயுற்றோரும் இருந்தனர். 2006இலேயே 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. வியற்நாம் போரிலிருந்து மீண்டோரின் முயற்சியும் துணைநிற்க, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. இதன் பயன் பெரிது. நோயின் காரணம் மனிதனின் பலவீனத்தில் அன்றி, அவனுக்கு நேர்ந்த நிகழ்ச்சியில் வைத்து நோக்கப்பட்டது.

இந்நோயின் குறிகள் நால்வகைப்படும். நிகழ்ச்சி கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஒன்று. அதனை நினைப்பூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல் இரண்டு. குற்றவுணர்வும் பற்றின்மையும் மூன்று. சிற்றொலிக்கும் திடுக்கிடல், சினம், உறக்கமின்மை நான்கு. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைப்பின் நோயெனக் கொள்வர். நிகழ்ந்தது முடிந்ததென அறிவு கூறினும், உடல் அஃது இன்னும் நிகழ்வதாகவே கொள்கின்றது.

நட்டஈடு கோருவோர் இன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மூன்றினை நிறுவல் வேண்டும்: உளமருத்துவர் உறுதிசெய்த நோய், பிறரின் தவறு, அத்தவறே நோயை விளைத்தது என்னுந் தொடர்பு. துயரம் மட்டும் போதாது. வழக்கினைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுள் தொடுத்தல் வேண்டும். விபத்தை நேரிற் காணாது, வைத்தியசாலையிலே தன் குடும்பத்தாரின் நிலைகண்டு நோயுற்ற தாயொருவருக்கு 1982இற் பிரபுக்கள் சபை உரிமையளித்தது. 1989ஆம் ஆண்டு ஹில்ஸ்பறோ விளையாட்டரங்க நெரிசலைத் தொலைக்காட்சியிற் கண்ட உறவினர்க்கு அச்சபையே 1991இல் அதனை மறுத்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உளது. நிகழ்ச்சியைப் பேச அஞ்சுதல் இந்நோயின் குறி. வழக்கோ அதனைப் பலமுறை பேசுமாறு வேண்டுகின்றது. நோயாளி வாய்திறவாதிருக்கக் காலவெல்லை கழிந்துவிடும். பிந்திப் பேசின், பணத்துக்காகப் புனைந்தாரென்பர். ஆகவே தொடக்கத்திலேயே மருத்துவரை நாடுதல் இருவகையில் நன்று. அஞ்சிய நினைவைத் தேர்ந்தோர் துணையுடன் சிறிது சிறிதாக எதிர்கொள்ளுஞ் சிகிச்சை பலரைத் தேற்றுகின்றது; அன்று எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பே பின்னர்ச் சான்றுமாகின்றது. வழக்கு முடியட்டுமெனச் சிகிச்சையைத் தள்ளிவைத்தல் தகாது.

பணம் இழந்த உறக்கத்தை மீட்டுத் தராது. எனினும் நட்டஈடு இரக்கத்தால் இடும் பிச்சையன்று. நீர் கூறியது மெய், உமக்கு நேர்ந்தது தீங்கு என்று சமுதாயம் ஒப்புக்கொள்ளும் முறை அது. நம்பப்படாமையால் விளைந்த இரண்டாந் துன்பத்தையேனும் அது நீக்கவல்லது.